கூண்டில் ஏறிய வெறும் சட்டை

விஜயன் சினிமா ஆபரேட்டர் வேலைக்கு எனக்கு வெகுகாலம் பின்னால் வந்தவன். இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு புதுத் தியேட்டரில் இருக்கிறான். அங்கே பிலிம் பெட்டி கிடையாது, வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி கிடையாது, கம்ப்யூட்டரிலேயே படம் வந்து இறங்கிவிடுமாம். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கேட்டான்: "அண்ணாச்சி, நீங்க ஓட்டினதிலே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?"

ஏதாவது பெரிய நடிகரின் வெள்ளிவிழாப் படத்தைச் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் "அடம்பிடித்த பேய்" என்றேன். சாயா ஆறிப்போகும்வரை போனில் தேடினான்.

"அப்படியொரு படமே காணேல்லியே அண்ணாச்சி."

"அப்போ நான் ஓட்டினது என்னது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தப் படத்தின் ஒரு துண்டு பிலிம்கூட இன்றைக்கு எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. அது ஓடிய நாட்களைப் பார்த்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காட்டாக்கடைப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றத் தொடங்கியது, கார்பன் பிடிக்கப் படித்தது, திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியது எல்லாம் எந்த ஆபரேட்டரும் சொல்கிற கதைதான். லைசென்ஸ் கிடைத்த கையோடு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு கிராமத்துக் கொட்டகையில் வேலை கிடைத்தது. ஓலைக் கூரை. முன்னால் மணல் தரை, பிறகு பெஞ்சு, கடைசியில் கொஞ்சம் நாற்காலி. தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி வரும். எங்கள் ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். படம் தமிழில் பேசும், அவர்கள் மலையாளத்தில் அழுவார்கள்.

மானேஜர் தங்கய்யன் சார். பழைய மிஷன் சபைக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதம் வாசிக்கிறவர். சட்டையின் கழுத்துப் பட்டன் எந்த வெயிலிலும் போட்டபடியே இருக்கும். கோபம் வந்தால் குரல் ஏறாது, தாழும். சினிமாக் கொட்டகை நடத்தினாலும் அவர் சினிமா பார்ப்பதில்லை. புதுப் படத்தின் முதல் ஆட்டத்தன்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொட்டகைக்கு முதுகைக் காட்டி நிற்பார். உள்ளேயிருந்து வரும் சத்தத்தை மட்டும் கேட்பார். எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எந்த இடத்தில் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி உரசினார்கள் என்று கேட்டே படத்தின் ஆயுசைச் சொல்லிவிடுவார். "சுகுமாரா, இது வெள்ளிக்கிழமை தாண்டாது" என்றால் தாண்டாது.

பேய்ப் படம் வந்தால் மட்டும் சார் சைக்கிள் ஸ்டாண்டில்கூட நிற்கமாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயாக்கடைக்குப் போய்விடுவார். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பேய் என்றால் பயம். அதை மறைத்ததும் இல்லை. "அசுத்த ஆவி உண்டுன்னு வேதத்திலேயே எழுதியிருக்கு மக்கா. பின்னெ நான் எப்படி இல்லேன்னு சொல்லுவேன்?" என்பார்.

எனக்கோ அந்தப் படங்கள்தான் உயிர். பயமுறுத்துகிற பேய்ப் படங்களைச் சொல்லவில்லை. பேய் வந்து சிரிக்க வைக்குமே, அந்தப் படங்கள். பெரிய நடிகர் யாரும் இருக்கமாட்டார். வேறு யாரோ போட்டுவிட்டுப் போன செட்டில் அவசரமாக எடுத்திருப்பார்கள். ஒன்றில் ஒரு யட்சி, ஆளை மயக்கிக் கொல்கிற மோகினிப் பேய், பனையடியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள். வழிப்போக்கனுக்குக் கிட்டப்பார்வை. சித்தி என்று நினைத்து, "இந்நேரத்துல இங்க என்ன வேலை, வீட்டுக்குப் போங்க" என்று அவளைத் திட்டி வீடுவரை கொண்டுவிடுவான். இன்னொன்றில் ஒரு எலும்புக்கூடு, நாய் தூக்கிக்கொண்டு போன தன் கையைத் தேடித் தெருத்தெருவாக அலையும். பேய் வீசிய தட்டு ஆகாயத்தில் பறக்கும்போது அதைக் கட்டிய நூல் தெரியும். மணல் தரையிலிருந்து "எலே, நூலு தெரியுது!" என்று ஒருவன் கத்துவான். கத்தியவனே அடுத்த நிமிஷம் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த நூலைப் பார்த்துவிட்ட பிறகும் சிரிக்க முடிவதில்தான் அந்தப் படங்களின் அழகே இருந்தது. ஏமாற்று என்று தெரியும், ஆனாலும் அந்தப் பேய்மேல் ஒரு பாசம் வந்துவிடும். பசிக்கிற பேய், குளிருகிற பேய், பூனைக்குப் பயப்படுகிற பேய். நம் வீட்டு ஆள் மாதிரி.

"அடம்பிடித்த பேய்" எங்களுக்கு வந்ததே தவறுதலாகத்தான். ஒரு மழைக்காலம். நாங்கள் கேட்ட படம் வேறு. பஸ்ஸின் மேலே நனைந்துகொண்டு வந்த பெட்டியைத் திறந்தால் இது இருந்தது. யாரும் கேள்விப்படாத பழைய கறுப்பு வெள்ளைப் படம். திருப்பி அனுப்பினால் மாட்னிக்குப் படம் இல்லை. சார் குரலைத் தாழ்த்தி, "ஓட்டு சுகுமாரா, நான் சாயாக்கடையிலே இருப்பேன்" என்றார்.

எந்த ரீலையும் மிஷினில் ஏற்றுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிலிமின் இரண்டு ஓரத்தையும் மெல்லப் பிடித்திருக்கும், வலது கை சுற்றும். ஓரத் துளை கிழிந்திருந்தால் விரலில் முள் மாதிரி தட்டும். தட்டிய இடத்தில் நிறுத்தி, கிழிந்த கட்டத்தை வெட்டி, ஒரு முனையின் மருந்துப் பூச்சைப் பிளேடால் சுரண்டிச் சுத்தமாக்கி, பசை தொட்டு மறு முனையை மேலே வைத்து அமுக்க வேண்டும். பசை கூடினால் பிலிம் சுருங்கும், குறைந்தால் ஓடும்போது பிரியும். அன்றைக்கு விரல் முட்டி வலிக்க வலிக்க ஒட்டினேன். படம் தேறிவிட்டது. ஆனால் கோர்ட்டு சீன் வரும் ரீலைக் காப்பாற்ற முடியவில்லை. ஓரத்தில் கோடாக ஓடுமே ஒலிப்பட்டை, அது தண்ணீர் குடித்துப் பூத்துப்போயிருந்தது. படம் தெரியும், பேச்சு கேட்காது. மிஷினில் போட்டுப் பார்த்தேன். எண்ணெயில் பப்படம் பொரிகிற சத்தம்தான் வந்தது.

கதை இதுதான். ஒரு ஜமீன் மாளிகையில் ஆயுசு முழுக்கச் சமைத்த ஒரு சமையல்காரர் செத்துப்போய், அதே அடுக்களையில் பேயாகக் குடியிருக்கிறார். ஜமீன்தார் மாளிகையை விற்கப் பார்க்கிறார். பேய் போகமாட்டேன் என்கிறது. மந்திரவாதிகள் ஒவ்வொருவராக வந்து மாவுச் சட்டியில் தலைகுப்புற விழுகிறார்கள். கடைசியில் ஜமீன்தார் பேய்மேல் கேஸ் போடுகிறார். கோர்ட்டில் பேய் கூண்டில் ஏறுகிறது. ஆள் தெரியாது. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் கூண்டில் நின்று கையை ஆட்டி ஆட்டி வாதாடும். பேச்சில்லாமல் போனது அந்த சீனில்தான்.

மாட்னியில் அந்த ரீல் வந்ததும் நான் சத்தத்தைக் குறைத்தேன். உடனே விசில். பெஞ்சில் கைதட்டல், மணலில் கூவல். அப்போது சத்தியநேசன் ஆபரேட்டர் அறை வாசலில் நின்றிருந்தான். எங்கள் கொட்டகையின் அறிவிப்புக்காரன். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு பொழியூர்க் கடற்கரை முதல் கள்ளிக்காடு வரை படம் அறிவித்துக்கொண்டு போகிறவன். சபை உபதேசியார் மகன், அப்படியொரு குரல். ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுவான்.

"மக்கா, மைக்கு தா" என்றான். வயரை ஹாலின் பின்சுவர்வரை இழுத்துக் கொடுத்தேன். திரையில் நீதிபதி சுத்தியலைத் தட்டி ஏதோ கேட்டார். வாய் மட்டும் அசைந்தது. சத்தியநேசன் கனத்த குரலில், "அந்த அடுக்களையில் இருப்பது யார்?" என்றான். கூண்டில் வெள்ளைச் சட்டை குனிந்து கும்பிட்டது. சத்தியநேசன் குரலை மெல்லியதாக்கி, எஜமானை 'ஏமான்' என்கிற எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே சொன்னான்:

"நானாக்கும் ஏமானே!"

கொட்டகை ஓலை அதிர்ந்தது. சட்டைக்கு வாய் கிடையாதே, எந்தப் பேச்சும் அதற்குப் பொருந்தியது.

"உனக்கு அங்கே என்ன உரிமை?"

"உயிரோட இருந்தப்போ அந்த அடுப்பாக்கும் ஊதினேன் ஏமானே. செத்த பிறகும் அதே அடுப்பை ஊதுதேன். இறங்கச் சொன்னா நான் எங்க போவேன்? எனக்கு வேற மண்ணு உண்டா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்து சாயாக்கடையிலிருந்து வந்த சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "சுகுமாரா, நடுவிலே ஒரு சத்தம் ரோடு தாண்டிக் கேட்டுது. இதுவரைக்கும் நான் கேட்காத சத்தம். இந்தப் படம் போகாது மக்கா. இருக்கும்."

அந்தக் கைதட்டலுக்குக் காரணம் உண்டு. குடிகிடப்புச் சட்டம் வந்திருந்த காலம் அது. அடுத்தவர் நிலத்தில் குடிசை கட்டிக் கிடப்பவருக்கு அந்தக் குடிசையும் சுற்றிப் பத்து சென்ட் மண்ணும் பதிந்து கொடுக்க வேண்டும். பல நிலக்காரர்கள் கொடுத்தார்கள். சிலர், நில ஆபீசர் வந்து பார்க்கும் முன் குடிசையைக் காலியாக்கப் பார்த்தார்கள். அப்படி ஒரு குடிசை சத்தியநேசனுடையது. கொட்டகைக்குப் பின்னால் தென்னந்தோப்பில், பெரியவீட்டு முதலாளியின் நிலத்தில் இருந்தது. அங்கே யாரும் குடியில்லை, அது மாட்டுத் தொழுவம், சத்தியநேசன் தன் பெண்டாட்டியின் ஊரான பொழியூரில்தான் இருக்கிறான் என்று முதலாளியின் காரியஸ்தர் மனு போட்டிருந்தார். சத்தியநேசனுக்கு அப்போதுதான் பெர்சியாவுக்கு, இப்போது கல்ஃப் என்கிறார்களே, அங்கே போக ஒரு வழி திறந்திருந்தது. பம்பாய் வந்தால் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று அவன் மச்சினன் ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். ஆனால் மண் பதிந்து கிடைக்கும் முன் அவன் கிளம்பினால் அந்த நாளே குடிசை போய்விடும். போகவும் முடியாமல், இருந்து பிழைக்கவும் முடியாமல் நின்றான். அந்த வெறும் சட்டைக்காக அவன் பேசியதெல்லாம் அவன் சொந்த வழக்குதான் என்று மணலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

சார் சொன்னபடியே படம் ஓடியது. வாரம் கழிந்தும் ஓடியது. கள்ளிக்காட்டிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள். பொழியூரிலிருந்து வலை வேலை இல்லாத நாட்களில் கூட்டமாக வந்தார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவான். சத்தியநேசன் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது புதிதாகச் சொல்வான். சட்டை கையை வீசினால் அதற்கொரு வசனம், காலரைத் தடவினால் அதற்கொரு வசனம். மற்ற ரீல்களுக்கு மதராஸ் பேச்சு, இந்த ரீலுக்கு மட்டும் நெய்யாற்றின்கரைப் பேச்சு. ஒருவரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

ஒருநாள் மாட்னிக்கு முன் காரியஸ்தர் வந்தார். நானும் சாரின் அறையில் இருந்தேன்.

"தங்கய்யன் சாரே, அந்தக் கோர்ட்டு சீனை எடுத்திரணும். மொதலாளிக்குப் பிடிக்கேல்ல."

"படத்திலே மொதலாளி இல்லியே."

"சத்தியநேசனுக்க வாயிலே உண்டு. கொட்டகை நிக்கியது ஆருக்க மண்ணுன்னு ஓர்மை இருக்கட்டு."

அது உண்மைதான். கொட்டகை நின்ற இடமும் முதலாளியிடம் குத்தகைக்கு எடுத்தது. இடம் போனால் சாருக்கும் எனக்கும் சத்தியநேசனுக்கும் வேலை போகும். சார் என் பக்கம் திரும்பினார்.

"சுகுமாரா, அந்த ரீலை எடுத்தா கதை விளங்குமா?"

"விளங்காது சார்."

சார் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "மாட்னி முடியட்டு. பிறகு சொல்லுதேன். அதுவரைக்கும் இங்கேயே இருங்க, சாயா வரும்" என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்தவர் சாயாக்கடைக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே தெரியாதபடி கைக்குட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

நான் கார்பனைப் பார்ப்பதும், சுவர் ஓட்டை வழியாக அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். முதல் காட்சியில் பேய் ஜன்னல் வழியாக வந்தபோது கைக்குட்டை கண்ணுக்குப் போனது. மந்திரவாதி வந்தபோது கொஞ்சம் இறங்கியது. பேய் பூனையைக் கண்டு அலமாரிமேல் ஏறி, காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்ததே, அப்போது எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு, தனியாக ஒரு சிரிப்பு வந்தது. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி. அந்தக் கொட்டகையில் அத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. கோர்ட்டு ரீல் வந்தபோது சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "நானாக்கும் ஏமானே" என்றதும் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். கழுத்துப் பட்டனைக் கழற்றியிருந்தார்.

மாட்னி முடிந்தது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்கு வந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி கிட்ட போய்ச் சொல்லுங்க. தங்கய்யனுக்குச் சின்ன வயசு முதல் பேயிட்ட பயம் உண்டு. அது இண்ணைக்குத் தீர்ந்தாச்சு. பேயிட்டயே பயம் போன பிறகு இனி வேற ஆரிட்ட பயப்படணும்? ரீலு எடுக்கதா இல்ல."

சொல்லும்போது குரல் தாழவில்லை. முழு வேதவாசகக் குரல். காரியஸ்தர் மிச்சச் சாயாவைக் குடிக்காமலே போனார்.

குத்தகை போகும் என்று நாங்கள் காத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை மாட்னிக்குப் பெரியவீட்டுக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. இறங்கியது முதலாளி அல்ல. அவர் மனைவியும் மருமகள்களும். படத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, இருப்புக் கொள்ளாமல் வந்துவிட்டார்களாம். சாரே தலையணை கொண்டுவந்து நாற்காலியில் போட்டார். சத்தியநேசன் என்னைப் பார்த்தான், நான் சாரைப் பார்த்தேன், சார் "பேசு" என்று தலையசைத்தார். அவன் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. பெரியவீட்டம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, மருமகள் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு குத்தகை பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே ஊர் திரண்டுவிட்டது. ஆபீசர் வடக்கேயிருந்து வந்த இளவயதுக்காரர். குடிசைக்கு முன்னால் நின்று, இங்கே யார் குடியிருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார்:

"இவிடெ ஆரா தாமசம்?"

காரியஸ்தர் முந்திக்கொண்டார். "ஆருமில்ல சாரே. மாட்டுத் தொழுவமாக்கும்."

சார் முன்னே வந்து, ஜீப் எடுக்கச் சத்தியநேசனைக் கூப்பிட தினமும் இங்கேதான் ஆளனுப்புவேன் என்றார். சத்தியநேசனோ, மைக்கில் அத்தனை பேசுகிறவன், கை கட்டி நின்றான். காரியஸ்தர் மறுபடி, "ஆருமில்ல சாரே, நோக்கிக்கோங்க, ஆள் நடமாட்டம் உண்டா?" என்றார்.

குடிசைக் காலுக்கும் தென்னைக்கும் நடுவில் கட்டிய கொடியில் சத்தியநேசனின் வெள்ளைச் சட்டை உலர்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முந்திய காற்று ஒன்று வீசியது. சட்டை உப்பி, இரண்டு கையும் மேலே எழுந்தன. அதற்குப் பின்னால் குடிசை வாசலில் நின்றிருந்த ரோசம்மா, சத்தியநேசனின் மனைவி, ஓங்கிய குரலில் சொன்னாள்:

"நானாக்கும் ஏமானே!"

ஊரே வெடித்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீசர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவர் தோளும் குலுங்கியது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரும் பெஞ்சில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து குடிசைக்குள் போனார். கூரை மூங்கிலில் கையை வைத்துத் தடவினார். வெளியே வந்து, அடுப்புப் புகைக்கரி அப்பிய விரல்களைக் காரியஸ்தருக்குக் காட்டினார்.

"எடோ, மாடு கஞ்ஞி வைக்குமோ?"

அன்றைக்கே பத்து சென்ட் அளந்து எல்லைக் கல் போட்டார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் கைதட்டல். சத்தியநேசன் கல்லைப் பார்க்கவில்லை. ரோசம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நான் அதற்குப் பிறகும் வேலை பார்த்தேன். எத்தனையோ பெரிய படம் ஓட்டினேன். வீடியோ வந்தது, கொட்டகை போனது, நான் வேறு தியேட்டருக்கு மாறி அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஆனால் ஒரு படம் என் கையால் ஓடி ஒரு வீட்டைத் தரையில் நிறுத்தியதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சத்தியநேசன் பெர்சியா போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். நெய்யாற்றின்கரையில் பஸ் ஏற்றிவிடக் கொட்டகை ஜீப்பையே கொடுத்தார் சார். நானும் ஏறிக்கொண்டேன். ஜீப் நகர்ந்ததும் அவன் பழக்கதோஷத்தில் மைக்கை எடுத்துவிட்டான்.

"ரசிகப் பெருமக்களே! நாட்டுகாரே! இத்தனை காலம் உங்களிடம் படம் அறிவித்த சத்தியநேசன், இன்று முதல் பெர்சியா என்னும் பிரம்மாண்டமான படத்தில் நடிக்கப் போகிறான்! எத்தனை வாரம் ஓடும் என்று அவனுக்கே தெரியாது! கண்டு மகிழ முடியாது, கடிதம் போட்டு மகிழுங்கள்!"

வழியெல்லாம் ஆட்கள் வேலியோரம் வந்து கையசைத்தார்கள். தோப்பு வளைவில் அவன் வீட்டைத் தாண்டும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. "ரோசம்மா… போயிட்டு வாறேன்…" என்று மட்டும் மைக்கில் சொன்னான்.

முற்றத்தில் நின்றிருந்த ரோசம்மாவிடம் மைக் இல்லை. தேவையும் இருக்கவில்லை.

"போயிட்டு வாருங்க!" என்று கூவினாள். "வீடு இங்க உண்டு!"